கணினி நலமாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டிய மீட்பு பென் டிரைவ்

விண்டோஸ் கணினி ஒன்றில் மின்சாரம் வருகிறது, விசிறி சுழல்கிறது, நிறுவனத்தின் சின்னமும் திரையில் தோன்றுகிறது, ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை என்றால், பெரும்பாலானோர் கணினியே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதற்றத்தில் கடைக்கு எடுத்துச் சென்று, "ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டும்" என்று சொல்லக் கேட்டு, பத்து ஆண்டுப் புகைப்படங்களையும் கணக்குகளையும் இழந்தவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் பெரும்பாலோரின் கோப்புகள் அந்த நேரத்திலும் வட்டில் பத்திரமாகவே இருந்தன. வெளியிலிருந்து கணினியை எழுப்பி உள்ளே நுழைய ஒரு வழி மட்டும்தான் அவர்களிடம் இல்லாமல் போயிற்று. அந்த வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்னும் நிரல் (பழைய கணினிகளில் இதன் இடத்தில் பயாஸ் இருந்தது, இன்றும் பலர் இரண்டையுமே பயாஸ் என்றுதான் அழைக்கிறார்கள்). அது வட்டின் ஒரு சிறிய பார்ட்டிஷனில் (வட்டைப் பிரித்த பகுதி ஒன்றில்) உள்ள பூட் கோப்பைத் தேடி இயக்குகிறது. அந்தக் கோப்பு விண்டோஸின் கருநிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பிறகே நமக்குப் பழக்கமான திரை வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி நின்றுவிடும். அப்படி நின்றாலும் செயலி, நினைவகம், திரை ஆகியவை நன்றாகவே இருக்கும். அப்போது பென் டிரைவிலிருந்து வேறொரு சிறிய இயங்குதளத்தை ஏற்றினால், அதே கணினி எழுந்து நின்று தன் வட்டைத் தானே படித்துக் காட்டும். விண்டோஸ் தனக்கென ஒரு மீட்புச் சூழலை வட்டின் மறைவான பார்ட்டிஷன் ஒன்றில் வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வட்டே பழுதானால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பதால், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் நீலத் திரை வந்து, மீண்டும் தொடங்கி, மறுபடியும் நீலத் திரையிலேயே போய் நின்றது. தீர்வு என்னவோ ஒரே ஒரு கோப்பை நீக்குவதுதான். ஆனால் அதை நீக்க, கணினியைப் பாதுகாப்பு நிலையிலோ மீட்புச் சூழலிலோ எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கென்றே பென் டிரைவிலிருந்து இயங்கும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் அடுத்தடுத்த நாட்களில் வெளியிட்டது. பென் டிரைவ் கைக்கு வந்த பிறகும் பலர் நின்றுவிட்ட இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும் வசதியின் பெயர் பிட்லாக்கர்; அதைத் திறக்கும் சாவி அவர்களிடம் இல்லை. ஆகவே பென் டிரைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சாவியைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

முதலில் சாவி

இன்றைய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முதலாக உள்நுழையும்போதே வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை, ஏனெனில் கணினி நலமாக இருக்கும்வரை மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்னும் சில்லு தானாகவே சாவியைக் கொடுத்து வட்டைத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து கணினியை எழுப்பும்போதும், பயாஸ் அமைப்புகள் மாறும்போதும் அந்தச் சில்லு சாவியைத் தர மறுத்துவிடலாம். அப்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். அது இல்லாமல் விண்டோஸின் மீட்புக் கருவியாலும், லினக்ஸ் என்னும் வேறொரு இயங்குதளத்தாலும், எந்தக் கடைக்காரராலும் அந்த வட்டைத் திறக்க முடியாது. என் உறவினர் ஒருவரின் அச்சகத்தில் புதுப்பிப்பு பாதியில் இருந்தபோது மின்சாரம் போய்க் கணினி நின்றுவிட்டது. மீட்பு பென் டிரைவை அரை மணி நேரத்தில் செய்துவிட்டோம், ஆனால் சாவி எந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் ஆயின.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குச் சென்று 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற வரி இருக்கிறதா, அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் 'மேனேஜ் பிட்லாக்கர்' என்று தட்டச்சு செய்தாலும் அதற்குரிய பக்கம் திறக்கும். அங்கே 'பேக்கப் யுவர் ரெக்கவரி கீ' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சாவியை அச்சிட்டுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் உங்கள் கருவிகளின் பட்டியலிலும் அது இருக்கும். ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக அது எழுதப்பட்டிருக்கும். கூடவே 'கீ ஐடி' என்ற அடையாளக் குறியும் இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் எந்தச் சாவி எதற்குரியது என்று அந்தக் குறியைக் கொண்டே அறிய முடியும் என்பதால் அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மடிக்கணினிப் பைக்குள் வைக்காமல், வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அலுவலகக் கணினியானால் சாவி கணினித் துறையினரின் பொறுப்பில் இருக்கும். அவர்களைக் கேட்காமல் இங்கே சொல்லும் எதையும் அதில் செய்ய வேண்டாம்.

எத்தனை பென் டிரைவ், எப்படிப்பட்டது

இரண்டு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று விண்டோஸைச் செப்பனிடவும் தேவைப்பட்டால் மீண்டும் நிறுவவும். மற்றொன்று கோப்புகளை வெளியே எடுக்க. முதலாவதற்கு 32 ஜிபி கொள்ளளவு இருந்தால் கவலையில்லை. 16 ஜிபி பல கணினிகளுக்குப் போதும் என்றாலும் சிலவற்றில் போதாமல் போகிறது. இரண்டாவதற்கு 8 ஜிபியே போதும். இரண்டிலும் முன்பே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும். மீட்கும் கோப்புகளை வைக்க மூன்றாவதாக வெளிப்புற வட்டு ஒன்றும் தேவைப்படும். அதை அவசர நாளில் இரவலாகக்கூடப் பெற்றுக்கொள்ளலாம்.

மிக மலிவாகக் கிடைக்கும் பென் டிரைவ்களில், 64 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபி மட்டுமே வைத்திருக்கும் போலிகள் உண்டு. அவற்றில் எழுதும்போது பிழை எதுவும் தோன்றாது. படிக்கும்போதுதான் பாதிக் கோப்புகள் வெறுமையாக இருப்பது தெரியவரும். மீட்பு வட்டுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு இலவச மென்பொருள், பென் டிரைவை முழுவதும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். லினக்ஸில் எஃப்3 என்ற கருவி இதே வேலையைச் செய்கிறது. ஒரு மணி நேரம் பிடித்தாலும் புதிதாக வாங்கியதை ஒருமுறை இப்படிச் சோதித்துவிடுவது நல்லது.

விண்டோஸ் மீட்பு டிரைவ்

மடிக்கணினியானால் சார்ஜரை இணைத்துவிடுங்கள். மேசைக்கணினியானால் யூபிஎஸ் வழியாக மின்சாரம் வருவதை உறுதிசெய்யுங்கள். பென் டிரைவைச் செருகி, ஸ்டார்ட் பட்டியின் தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று எழுதினால் அந்தப் பெயரிலேயே ஒரு நிரல் தோன்றும். அதைத் திறந்து, நிர்வாகி அனுமதி கேட்கும்போது 'எஸ்' என்று சொல்லுங்கள். முதல் திரையிலேயே 'பேக்கப் சிஸ்டம் ஃபைல்ஸ் டு த ரெக்கவரி டிரைவ்' என்ற வரியின் எதிரே ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால்தான் விண்டோஸை மீண்டும் நிறுவத் தேவையான கோப்புகளும் பென் டிரைவில் ஏறும். குறியிடாவிட்டால் செப்பனிடும் கருவிகள் மட்டுமே இருக்கும். நேரம் மிச்சமாகும் என்று பலர் அந்தக் குறியை எடுத்துவிடுகிறார்கள். வட்டை மாற்ற நேரும் நாளில் அது பெரிய இழப்பாகிவிடும். ஆகவே குறியை விட்டுவையுங்கள்.

'நெக்ஸ்ட்' கொடுத்ததும் நிரல் சிறிது நேரம் கணக்கிட்டு, செருகியிருக்கும் டிரைவ்களைக் காட்டும். தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் வேறு எந்த யுஎஸ்பி வட்டையும் செருகி வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. பிறகு 'கிரியேட்' பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பென் டிரைவின் வேகத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பச்சைக் கோடு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றினாலும் இடையில் பிடுங்காதீர்கள். சில கணினிகளில் கடைசித் திரையில், வட்டில் உள்ள ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி இடத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு தரப்படும். அதை ஏற்க வேண்டாம். கிடைக்கும் இடம் சொற்பம், இழப்பதோ ஒரு மாற்று வழி.

இந்த டிரைவில் உங்கள் கோப்புகளோ நீங்கள் நிறுவிய மென்பொருள்களோ இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'மீட்பு' என்ற சொல்லை நம்பி, புகைப்படங்களும் இதில் இருக்கும் என்று எண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்புகளுக்கான காப்புநகலைத் தனியேதான் எடுத்து வைக்க வேண்டும்.

கணினி ஏற்கெனவே நின்றுவிட்டதென்றால் வேறொரு கணினியின் உதவியை நாடலாம். மைக்ரோசாஃப்டின் பதிவிறக்கப் பக்கத்தில் கிடைக்கும் 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற இலவச நிரலைக் கொண்டு, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவல் வட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவும் பொத்தானைத் தொடாமல், 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' அல்லது புதிய பதிப்புகளில் 'ரிப்பேர் மை பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே செப்பனிடும் கருவிகள் கிடைக்கும்.

லினக்ஸ் லைவ் டிரைவ்

விண்டோஸின் மீட்புச் சூழலில் கட்டளை வரி உண்டு, ஆனால் கோப்புகளைப் பார்த்துப் பொறுக்கி வேறொரு வட்டுக்கு இழுத்துப் போட வசதியான திரை இல்லை. இந்த இடத்தில்தான் லினக்ஸ் கைகொடுக்கிறது. 'லைவ்' முறையில் இயங்கும் லினக்ஸ், கணினியின் வட்டில் எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தும் நினைவகத்திலிருந்துமே முழுத் திரையோடு இயங்கும். விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. அதன் பட்டியும் கோப்பு மேலாளரும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. தொழில்முறையாகப் பழுது பார்ப்பவர்களுக்கு சிஸ்டம்ரெஸ்க்யூ நல்லது. அதில் வட்டுகளைப் படியெடுக்கும் டிடிரெஸ்க்யூ, தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் போன்றவை முன்பே நிறுவப்பட்டிருக்கின்றன.

லினக்ஸ் மின்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் ஒரே கோப்பாக அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். அது ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். இவ்வளவு பெரிய கோப்பு இணையத் தடங்கலால் பழுதாக இறங்குவது அரிதல்ல. ஆகவே அதே தளத்தில் தரப்பட்டிருக்கும் ஷா256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுவிட வேண்டும். அது 64 குறிகள் கொண்ட ஒரு நீண்ட வரி. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் வரி முழுவதும் வேறாகிவிடும். அதைக் கணக்கிடத் தனி நிரல் தேவையில்லை. அடுத்து நாம் பயன்படுத்தப்போகும் ரூஃபஸ் நிரலிலேயே கோப்பைத் தேர்ந்தெடுத்த பின், பக்கத்தில் உள்ள சரிக்குறிப் பொத்தானை அழுத்தினால் அந்த எண் தோன்றும்.

ரூஃபஸ், ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதித் தரும், நிறுவத் தேவையில்லாத சிறிய இலவச நிரல். அதைத் திறந்து, 'டிவைஸ்' என்ற இடத்தில் பென் டிரைவையும், 'பூட் செலக்‌ஷன்' என்ற இடத்தில் ஐஎஸ்ஓ கோப்பையும் தேர்ந்தெடுங்கள். 'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்பதில், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கணினியானால் ஜிபிடி, பழைய பயாஸ் கணினியானால் எம்பிஆர். 'ஸ்டார்ட்' கொடுத்ததும், ஐஎஸ்ஓ முறையில் எழுதவா, டிடி முறையில் எழுதவா என்று கேட்கலாம். முதலில் பரிந்துரைக்கப்படும் ஐஎஸ்ஓ முறையையே ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் கணினி எழவில்லை என்றால் மட்டும் டிடி முறையில் மீண்டும் எழுதுங்கள். பல ஐஎஸ்ஓ கோப்புகளை ஒரே பென் டிரைவில் போட்டு, தொடங்கும்போது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க உதவும் வென்டாய் என்ற கருவியும் இருக்கிறது. ஊரார் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொடுப்பவருக்கு அது பெரும் உதவி. ஆனால் நம்பகமான கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தொடங்க விடும் 'செக்யூர் பூட்' பாதுகாப்பு இயங்கும் கணினியில் முதல்முறை அதன் சாவியைப் பதிவு செய்யும் கூடுதல் படி ஒன்று உண்டு. வீட்டில் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் இருக்கப்போகும் டிரைவுக்கு ஒரே இயங்குதளம் என்ற எளிமையே மேல் என்பேன்.

சோதிக்காத டிரைவ் இல்லாத டிரைவுக்குச் சமம்

இதுவரை சொன்னதை ஒழுங்காகச் செய்தவர்கள்கூடப் பெரும்பாலும் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். அவசர நாளில் கணினி பென் டிரைவைக் கண்டுகொள்ளாமல் போவதற்குக் காரணங்கள் பல. அவற்றை இன்று, எல்லாம் நலமாக இருக்கும்போது, கண்டுபிடித்துவிடுவதே இந்த முயற்சியின் உயிர்.

கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்திய கணமே பூட் பட்டியலுக்கான விசையை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். டெல் கணினிகளில் அது எஃப்12, ஹெச்பியில் எஃப்9, லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, சில மாடல்களில் ஊசியால் அழுத்த வேண்டிய நோவோ என்ற சிறு பொத்தான், ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், ஏசரில் எஃப்12, ஆனால் அதைப் பயாஸுக்குள் சென்று முதலில் இயக்க வேண்டியிருக்கலாம். விசையைப் பிடிக்க நேரம் போதவில்லை என்றால், விண்டோஸ் இயங்கும்போதே ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இருந்தாலும் விசை வழியையும் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் அவசர நாளில் விண்டோஸ் இயங்காது.

விண்டோஸ் மீட்பு டிரைவ் பொதுவாகத் தடையின்றி எழும். விசைப்பலகை மொழியைக் கேட்டுவிட்டு 'டிரபிள்ஷூட்' பட்டியல் வந்தால் போதும். மேலே எதையும் தொடாமல் கணினியை அணைத்துவிடுங்கள். லினக்ஸ் டிரைவில் 'செக்யூர் பூட்' குறுக்கிடலாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை செக்யூர் பூட்டோடு இயங்கக்கூடியவைதான். ஆனால் சில புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் அமைப்பு பயாஸில் அணைக்கப்பட்டே வருகிறது. அதை இயக்கினால் சிக்கல் தீரும். சிஸ்டம்ரெஸ்க்யூவுக்குச் செக்யூர் பூட்டையே அணைக்க வேண்டும். இந்த இரண்டில் எதைச் செய்தாலும் அடுத்தமுறை விண்டோஸ் தொடங்கும்போது பிட்லாக்கர் சாவி கேட்கக்கூடும் என்பதால், தாளைக் கையில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். 'மேனேஜ் பிட்லாக்கர்' பக்கத்தில் 'சஸ்பெண்ட் ப்ரொடெக்‌ஷன்' இருந்தால் அதை முன்பே அழுத்திவிடுவது இன்னும் நல்லது.

லினக்ஸ் திரை வந்ததும், கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியலில் கணினியின் வட்டு தெரிகிறதா என்று பாருங்கள். குறியாக்கம் செய்யப்பட்ட வட்டானால் சொடுக்கியதும் கடவுச்சொல் கேட்கும்; அங்கே 48 இலக்கச் சாவியை, தொகுதிகளுக்கு இடையேயுள்ள சிறு கோடுகளோடு சேர்த்துத் தரலாம். உங்கள் பெயரிலுள்ள கோப்புறை திறந்து, ஒரு படத்தையாவது பார்க்க முடிந்தால் சோதனை வெற்றி. வட்டே தெரியவில்லை என்றால், இன்டெல் செயலி உள்ள கணினிகளில் பெரும்பாலும் பயாஸில் உள்ள ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற சேமிப்பக அமைப்புதான் காரணம். அதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மாற்றினால் நன்றாக இருக்கும் விண்டோஸும் எழாமல் போகலாம். முதலில் வேறொரு புதிய லினக்ஸ் பதிப்பை முயன்று பாருங்கள். விண்டோஸ் மீட்புச் சூழலுக்குத் தேவையான ஆர்எஸ்டி டிரைவர் கோப்புகளைக் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துத் தனி பென் டிரைவில் சேமித்து வையுங்கள்.

மெக்கின்டோஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே மீட்புச் சூழல் வரும். டி2 சில்லு உள்ள இன்டெல் மெக்களில் மட்டும், வெளி வட்டிலிருந்து தொடங்க அனுமதிக்கும் அமைப்பை 'ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யுடிலிட்டி'யில் கணினி நலமாக இருக்கும்போதே இயக்கி வைக்க வேண்டும்.

அந்த நாள் வந்தால்

கணினி எழவில்லை என்றதும் செப்பனிடும் வேலையைத் தொடங்கிவிடக் கை துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, முதலில் லினக்ஸ் டிரைவால் எழுப்பிக் கோப்புகளை வெளியே எடுங்கள். செப்பனிடும் கருவிகள் வட்டில் எழுதுகின்றன. வட்டு நைந்துகொண்டிருந்தால் அந்த எழுத்தே அதன் கடைசி வேலையாகிவிடலாம். வன்தட்டு 'டக் டக்' என்று ஒலி எழுப்பினால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் கோப்பு கோப்பாகப் படியெடுப்பதும்கூடத் தவறு. டிடிரெஸ்க்யூவால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து மீட்பதே முறை. கோப்புகள் விலைமதிப்பற்றவை என்றால் தரவு மீட்பு வல்லுநரிடமே கொடுத்துவிடலாம்.

லினக்ஸ் அந்த வட்டைப் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது, எழுத விடவில்லை என்றால் அஞ்ச வேண்டாம். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அமைப்பு, அணைக்கும்போதும் கணினியைப் பாதி உறக்கத்திலேயே வைத்திருப்பதால் இப்படி நேர்கிறது. நமக்குப் படிப்பது மட்டும்தானே தேவை.

எடுக்க வேண்டியவை 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'டெஸ்க்டாப்' கோப்புறைகளோடு முடிந்துவிடுவதில்லை. கணக்கு மென்பொருள்கள் தங்கள் தரவை வேறிடத்தில் வைத்திருக்கும். டேலி பயன்படுத்துவோர், தரவுக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து, பிட்லாக்கர் சாவித் தாளிலேயே குறித்துக்கொள்ளலாம். தண்டர்பேர்ட் போன்றவற்றில் உள்ள மின்னஞ்சல்கள், விண்டோஸில் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் இருக்கும். லினக்ஸின் கோப்பு மேலாளரில் அது பொதுவாக மறையாமலே தெரியும்; தெரியாவிட்டால் கன்ட்ரோல் விசையோடு ஹெச் அழுத்திப் பாருங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு மட்டுமே உரிய இழப்பு ஒன்றும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் யூனிகோட் அல்ல; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். நான் முன்பு சொன்ன அச்சகத்தில் இருபது ஆண்டுகளுக்கான மலர்களும் அழைப்பிதழ்களும் அப்படிப்பட்டவைதான். ஆகவே ஆவணங்களோடு, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறை முழுவதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். சில நூறு எம்பிதான் ஆகும். தனிப்பயனருக்காக நிறுவிய எழுத்துருக்கள் 'ஆப்டேட்டா'வுக்குள் 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்' என்று இறங்கிச் சென்றால் அங்குள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் இருக்கும். கோப்புகளை வாங்கிக்கொள்ளும் வெளி வட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் இருப்பது நல்லது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. யூனிகோட் தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே மும்மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள் படியெடுக்கப்படாமல் நின்றுவிடலாம்.

கோப்புகள் பத்திரமான பிறகு விண்டோஸ் மீட்பு டிரைவைச் செருகுங்கள். 'டிரபிள்ஷூட்' என்பதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பட்டியலில் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. புதுப்பிப்புக்குப் பின் வந்த கோளாறானால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' பெரும்பாலும் பலன் தரும். அதன் பிறகு 'சிஸ்டம் ரெஸ்டோர்'. எதுவும் உதவாதபோதுதான் 'ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்'. அதில் இரண்டு தேர்வுகள் தரப்படும். ஒன்று விரைவாக அழிக்கும், மற்றொன்று ஆழமாக அழிக்கும். இரண்டிலும் உங்கள் கோப்புகள் மிஞ்சுவதில்லை.

புதுப்பித்து வைத்தல்

ஆண்டுக்கு ஒருமுறையும், விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகும் மீட்பு டிரைவை மீண்டும் உருவாக்குங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதிலிருந்து 11க்கு மாறியவர்களின் பழைய டிரைவ், இப்போதுள்ள கணினியை மீண்டும் நிறுவப் பயன்படாது. மற்றொரு காரணமும் இருக்கிறது. செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. அவற்றின் இடத்தை 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் எடுத்துக்கொள்கின்றன. பழைய சான்றிதழ் தடை செய்யப்பட்ட கணினி, அதைக் கொண்டு கையொப்பமிட்ட மீட்பு டிரைவை ஏற்காது. ஆகவே கணினியில் புதுப்பிப்புகள் ஏறிய பிறகு டிரைவையும் புதிதாகச் செய்துவிடுங்கள்.

ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்திருப்பது மின்னூட்டம்தான். அது காலப்போக்கில் கசியும், வெப்பத்தில் விரைந்து கசியும். வெயில் படும் மேசை மீதோ காரின் உள்ளேயோ வைக்காமல், ஈரம் புகாத சிறு டப்பாவில் இரண்டையும் போட்டு வையுங்கள். டப்பாவின் மேல் ஒட்டும் தாளில், எந்தக் கணினிக்குரியது, எந்த விசை, செய்த தேதி, கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பிட்லாக்கர் சாவியை மட்டும் அதில் எழுதாமல், அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.